களஞ்சியத்தில் இருந்த அண்ணா

அயல் பண்ணை நோர்வேஜியக்காரி தொலைபேசியில் முதலில் சொன்னது தண்ணீர்க் குழாயைப் பற்றித்தான். "உன்ர பண்ணை வீட்டுச் சுவருக்குள்ளாலை ஐஸ் வெளியாலை வருது. வந்து பார்." இரண்டாவது விஷயத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். "களஞ்சியத்துக்குள்ள ஆரோ தட்டுற மாதிரிச் சத்தம் கேக்குது. குளிருக்கு மரம் முறுகுறதுதான். பயப்பிடாதை."

நான் பயந்தேன். அந்தக் களஞ்சியத்துக்குள் என் அண்ணா இருந்தார்.

அண்ணா என்று நான் சொல்வது அவருடைய அஸ்தியை. அவர் காலமாகி அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

எங்கள் குடும்பத்தில் நோர்வேக்கு முதலில் வந்தவர் அண்ணாதான். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் கனகாலம் நின்று வேலை செய்தார். கலியாணம் கட்டவில்லை. பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, அம்மருட்டில் எங்கள் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். சேர்த்த காசில், நகரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வடக்கே, ஆளில்லாமல் கிடந்த ஒரு சின்னப் பண்ணையை வாங்கினார். ஒரு பழைய மர வீடு, ஒரு கிணறு, கொஞ்ச நிலம், கல்தூண்களின் மேல் தூக்கி நிறுத்திய ஒரு களஞ்சியம். அவ்வளவுதான். கோடையில் அங்கே போய் நின்று உருளைக்கிழங்கும் வெங்காயமும் லீக்சும் போடுவார். குளிர் தொடங்கியதும் அம்மருட்டுக்கு ஓடிவந்துவிடுவார். குளிரை அவருக்குப் பிடிக்காது. இத்தனை வருஷம் அந்தக் குளிரில் மீன் வெட்டியவருக்கு அதில் ஒரு வெறுப்பு.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துச் சொன்னார். "என்னை இந்தக் குளிர் மண்ணுக்குள்ள வைச்சிடாதை. கீரிமலையிலை கொண்டுபோய்க் கரைச்சு விடு. முழுசாக் கொண்டு போ." நான் ஓம், கொண்டுபோறன் என்றேன். கந்தசுவாமியார் படம் தலைமாட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓம் என்றேன்.

இலையுதிர்காலத்தில் போய்விட்டார். தகனம் முடிந்து, ஊருக்குக் கொண்டுபோவதற்கென்று சொல்லி அஸ்தியை வாங்கினோம். ஆனால் அது, கீரிமலைக் கடல் இருக்கும் யாழ்ப்பாணத்துக்குச் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம். இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று பார்த்திருந்தோம், திறக்கவில்லை.

விளக்கு ஏற்றும் வீட்டுக்குள் அஸ்தியை வைத்திருப்பதில்லை. ஊரிலென்றால் வெளியே ஒரு மரத்தில் கட்டித் தூக்கிவிடுவார்கள். அம்மருட்டில், எட்டாம் மாடியில், எந்த மரத்தில் கட்டுவது? கீழே நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான சாமான் அறை இருக்கிறது. யாரோ வீட்டுப் பனிச்சறுக்குப் பலகைகளுக்கும் குழந்தை வண்டிக்கும் நடுவில் அண்ணாவை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணாவை அத்தான் என்று கூப்பிடும் மனைவிதான் சொன்னாள், "அத்தான்ர களஞ்சியம் இருக்குத்தானே. வீடுமில்லை, வெளியுமில்லை. நிலத்திலையும் படாது."

தகனசாலையில் தந்தது மூடிபோட்ட ஒரு கொள்கலன். அதில் ஓர் இலக்கம் ஒட்டியிருந்தது. அண்ணாவை இலக்கத்தோடு வைக்க முடியாதென்று, ஒஸ்லோவின் குறொன்லாண்டுப் பகுதியில் எங்கள் சாமான்கள் விற்கும் கடையில் ஒரு மண்முட்டி வாங்கினோம். பண்ணை முற்றத்தில் வைத்துப் பால் தெளித்து, அஸ்தியை அதில் இட்டேன். யாரோ ஊரிலிருந்து முன்னர் கொண்டுவந்து தந்த கீரிமலைத் தீர்த்தம் ஒரு சின்னப் போத்தலில் சுவாமி அலுமாரியில் இருந்தது. அதையும் கொண்டுபோய் ஊற்றினேன். அது காணாது என்று பட்டது. கடைசி நாட்களில் டாக்டர்மார் அவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். கேட்டுக் கேட்டே போனவர். "நிறைய விடுங்கோ," என்றாள் மனைவி. கிணற்றுத் தண்ணீரைக் கழுத்து மட்டும் விட்டேன். வாயை வெள்ளைத் துணியால் கட்டி, கயிற்றில் உறி பின்னி, களஞ்சியத்து வளைமரத்தில் தொங்கவிட்டு, தெரிந்த தேவாரத்தைப் பாடிவிட்டு வந்தோம்.

இருபது வருஷம் இந்த நாட்டில் இருந்த ஆட்கள் நாங்கள். மாரிக் குளிரில் உறைந்து வெடிக்குமென்று காருக்குள் ஒரு சோடாப் போத்தலை மறந்து விடமாட்டோம். ஆனாலும் அந்த முட்டியைக் கட்டியபோது எங்கள் இரண்டு பேருடைய தலைக்குள்ளும் நோர்வே இல்லை.

தொலைபேசியை வைத்துவிட்டு மனைவிக்கு விஷயத்தைச் சொன்னேன். கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் வெடித்ததைக் கேட்டும் கழுவிக்கொண்டே நின்றாள். பிறகு அவளுடைய கை நின்றது.

"இஞ்சருங்கோ. முட்டிக்குள்ள தண்ணியெல்லோ விட்டனாங்கள்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். களஞ்சியத்தின் தளம் இடைவெளி விட்டு அடித்த பலகை. முட்டி வெடித்திருந்தால் அண்ணா அந்த இடைவெளிகளால் கீழே பனிக்குள் போயிருப்பார். வசந்தத்தில் பனி உருகும்போது அந்த மண்ணுக்குள்ளேயே இறங்கிவிடுவார்.

சனிக்கிழமை விடிந்ததும் வெளிக்கிட்டோம். அப்படி ஒரு குளிர் அந்தப் பக்கத்தில் கனகாலமாக வந்ததில்லையென்று வானொலியில் சொன்னார்கள். பூச்சியத்துக்குக் கீழே முப்பதையும் தாண்டிப் போய், அங்கேயே நின்றுவிட்டது. நகரத்தைத் தாண்டியதும் ஆற்றிலிருந்து வெள்ளைப் புகை எழும்பி நின்றது. காற்றில்லாதபடியால் புகை அசையாமல் தூண் தூணாக நின்றது. மனைவி வழி முழுக்கக் கதைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பயம் வந்தால் அப்படித்தான்.

"அத்தான் எங்களைப் பேசிக்கொண்டிருப்பார். உயிரோட இருக்கேக்கை தேத்தண்ணி ஆறினாலே முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிற மனிசன்."

"பேசாமல் வாரும்."

"நான் பேசாமல் வந்தால் நீங்கள் அழுவியள். எனக்குத் தெரியும்."

பண்ணை வழியில் பனியை அயல்காரி தன் உழவு இயந்திரத்தால் ஒதுக்கி விட்டிருந்தாள். காரை நிற்பாட்டி இறங்கினோம். கதவைச் சாத்திய சத்தம் போய் எங்கேயோ பட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒரு குருவி இல்லை. மூச்சு விட்டால் அது காதுக்குப் பக்கத்தில் சரசரவென்று உறைந்து விழுவது கேட்டது. திடீரென்று காட்டுக்குள் ஒரு மரம் வெடித்தது. துவக்குச் சூடு போலவே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தோம். ஊர்ப் பழக்கம், போகாது.

"மரம்," என்றேன்.

"தெரியும்," என்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

அப்போதுதான் முற்றத்தில் அந்தக் காலடிகளைக் கண்டோம். வீட்டிலிருந்து களஞ்சியத்துக்குப் போகும் காலடிகள். பனிக்குள் பதிந்த காலடிகள் அல்ல. பனிக்கு மேலே எழும்பி நின்ற காலடிகள். ஒவ்வொரு பாதமும் ஒரு சின்ன மேடாக, வெள்ளையாக, உதிராமல் நின்றது. பனிக்கு அடியில் யாரோ தலைகீழாக நடந்துபோன மாதிரி இருந்தது.

நான் திருநீற்றுப் பையைத் தொட்டேன். மனைவி குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் சப்பாத்தை ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

"இது நாங்கள்," என்றாள். "முட்டி கொண்டுபோன அண்டைக்கு நடந்தது."

முதற்பனி விழுந்திருந்த நாள் அது. நாங்கள் மிதித்த இடம் இறுகியிருக்கிறது. குளிர் இறங்குமுன் அடித்த காற்று சுற்றியிருந்த இளம்பனியை எல்லாம் அள்ளிக்கொண்டு போக, எங்கள் காலடிகள் மட்டும் மிஞ்சிவிட்டன. அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு மூச்சு வந்தது. மனைவி இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போனது இருக்கு. திரும்பி வந்த காலடி எங்கை?"

நானும் பார்த்தேன். எல்லாப் பாதங்களும் களஞ்சியத்தைப் பார்த்தபடி இருந்தன. திரும்பி வந்தது ஒன்றுகூட இல்லை. வரும்போது சுவர் ஓரமாக வந்திருப்போம், அங்கே பனி மூடியிருக்கும் என்று சொன்னேன். சொன்னேனே தவிர எனக்கும் அது நினைவில்லை. நாங்கள் அந்தக் காலடிகளை மிதிக்காமல் விலகித்தான் நடந்தோம்.

முதலில் வீடு. அண்ணா இருந்த காலத்தில் குளிர் வருமுன் குழாயைப் பூட்டித் தண்ணீரை எல்லாம் வடித்துவிடுவார். எங்களுக்கு அது தெரியாது. மின்சூடாக்கி ஒன்றைக் குறைத்து எரியவிட்டு வந்திருந்தோம். அந்தக் குளிருக்கு அது ஒன்றுமில்லை. குசினிச் சுவர் பிளந்து, உள்ளேயிருந்து பனிக்கட்டி ஒரு வயிறு மாதிரித் தள்ளிக்கொண்டு நின்றது. குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த அந்தரத்திலேயே கோலாக நின்றிருந்தது. தளம் முழுக்கக் கண்ணாடி. மேசைக்கால், கதிரைக்கால், ஒரு தும்புத்தடி எல்லாம் அதற்குள் பிடிபட்டு நின்றன.

அடுப்படிக்கு முன்னால் அண்ணாவின் வீட்டுச் செருப்பு இரண்டும் இருந்தன. அவை ஐஸுக்குள், அக்கம்பக்கமாக, அடுப்பைப் பார்த்தபடி நின்றன. ஆள் நின்று சமைத்துக்கொண்டிருக்கும்போது செருப்பு எப்படி நிற்குமோ அப்படி. அதற்கு மேலே ஆள் மட்டும் இல்லை.

மனைவி அந்தச் செருப்புக்கு முன்னால் குறுக்கே போகாமல் மேசையைச் சுற்றிப் போனாள். நானும் அப்படியே போனேன். மின்சாரத்தை நிற்பாட்டி, கிணற்றுப் பம்பின் பியூஸ் கட்டையைக் கழற்றினேன். அந்த வேலையில் குனிந்திருந்தபோது கேட்டது.

டொக்.

மரம் வெடித்த சத்தமில்லை அது. கதவைத் தட்டும்போது விரல்முட்டு படுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். களஞ்சியத்துப் பக்கமிருந்து.

"காத்தும் இல்லை," என்றாள் மனைவி மெதுவாக.

"முருகா," என்று சொல்லிக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

களஞ்சியத்துக்கு நாலைந்து மரப்படி. வழக்கப்படி பெண்கள் அஸ்திக்குக் கிட்டப் போவதில்லை. முட்டியைக் கட்டிய அன்றைக்கும் அவள் படிக்குக் கீழேதான் நின்றவள். இந்த முறையும் கீழே நின்றாள். நான் நெற்றியில் திருநீறு பூசி, கதவின் மரத்தாழ்ப்பாளைத் தட்டித் திறந்தேன்.

உள்ளே இருட்டு. பலகை நீக்கல்களால் வந்த வெளிச்சம் கோடு கோடாகக் கிடந்தது. முதலில் கண்ணில் பட்டது தளத்தில் கிடந்த ஓடுகள். முட்டி வெடித்திருந்தது. இரண்டு பெரிய துண்டு, மிச்சம் சில்லு. குனிந்து தளத்தைத் தடவிப் பார்த்தேன். சாம்பல் இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லை. முழுக்கக் கீழே போய்விட்டதாக்கும் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

உறிக்குள் முட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடு கீழே கிடக்கிறது, முட்டி மேலே தொங்குகிறது. கொஞ்ச நேரம் என் புத்திக்கு எட்டவில்லை. பிறகுதான் விளங்கியது. மண் வெடித்து விழுந்துவிட்டது. தண்ணீர் முட்டியின் வடிவிலேயே நின்றுவிட்டது. கழுத்து, தோள், வயிறு, எல்லாம் அப்படியே. வாயில் கட்டிய வெள்ளைத் துணி அப்படியே ஒட்டியிருந்தது. அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் இருண்டிருந்தது. மேலே போகப் போகக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் கீழேயிருந்து மேலே எழும்பிய சின்னச் சின்னக் குமிழிகள் பாதிவழியில் நின்றிருந்தன, மூச்சு விடப்போன இடத்தில் நின்றதுபோல. வெளிச்சக் கோடொன்று அதற்குள் புகுந்து மறுபக்கத்தால் வந்தது.

நான் ஒரு அடி வைக்க, பலகை அசைந்தது. முட்டி மெல்ல ஆடிப் பக்கத்துத் தூணில் பட்டது. டொக்.

சத்தம் எதனால் என்று தெரிந்தது. ஆனால் நான் உள்ளே போகுமுன், காற்றும் இல்லாமல், பூட்டிய கதவுக்குள் அதை ஆட்டியது எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"இருக்கிறாரோ?" கீழேயிருந்து மனைவி கேட்டாள்.

"இருக்கிறார். முழுசா இருக்கிறார்," என்றேன். திருப்பிச் சொன்னேன்.

அப்போது அயல்காரி வந்து சேர்ந்தாள். அறுபதைத் தாண்டிய பெண். கையில் ஒரு ஐஸ்கோடரியும் வாளியும். குழாயைப் பார்க்கத்தான் வந்தவள், நாங்கள் நின்ற நிலையைப் பார்த்துப் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தாள். "என்ன அது? விளக்கோ?"

நான் சொன்னேன். என்னுடைய நோர்வேஜிய மொழி வேலைத்தளத்து மொழி. அஸ்திக்கு அதில் நல்ல சொல் இல்லை. "என்ர அண்ணா," என்று மட்டும் சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றினாள். அந்தக் குளிரில், நரைமுடியோடு நின்றாள்.

"இதுக்குள்ள காத்துக்கொண்டிருந்த முதல் ஆள் உன்ர அண்ணா இல்லை," என்றாள் பிறகு. "இந்த வீட்டுப் பழைய ஆள் செத்ததும் இப்பிடி ஒரு குளிருக்கைதான். நான் அப்ப சின்னப் பிள்ளை. நிலம் கல்லாக் கிடந்தது, கிடங்கு வெட்ட ஏலாது. நிலம் இளகுமட்டும் பெட்டியோட இதுக்குள்ளதான் வைச்சிருந்தவை. பள்ளிக்கூடம் போகேக்கை இந்தப் பக்கம் பாக்காமல் ஓடுவம்."

அயல்காரியின் நாட்டுப்புறப் பேச்சுப் பிடிபடாத மனைவிக்கு நான் அதைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்பவும் தட்டிச்சுதாமோ, கேளுங்கோ," என்றாள்.

கேட்டேன். அயல்காரி தொப்பியைத் திரும்பப் போட்டாள். "ஓம்," என்றாள். சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாவை அங்கே விட்டு வர எங்களால் முடியாது. ஆனால் எப்படிக் கொண்டுவருவது? அவரைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் குளிர்தான். கொஞ்சம் சூடு பட்டாலும் வழியிலேயே ஒழுகிப்போவார். அயல்காரி நல்ல மனத்தோடு ஒரு வழி சொன்னாள்: தன் வீட்டில் பெரிய உறைபெட்டி இருக்கிறது, பாதை திறக்கும்வரை அதில் வைக்கலாம்.

"அதுக்குள்ள வேற என்ன இருக்கெண்டு கேளுங்கோ," என்றாள் மனைவி.

காட்டுமான் இறைச்சி. பாதி மாடு. மனைவிக்கு நான் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "அத்தான் வெள்ளிக்கிழமையிலை முட்டை போட்ட கேக்கும் தொடாதவர்," என்றாள்.

"அப்ப இந்த வாளிக்குள்ள வை," என்றாள் அயல்காரி. "சுத்தமான வாளி. பன்றி அடிக்கேக்கை ரத்தம் பிடிக்கிறது. பிறகு நல்லாக் கழுவி வைச்சனான்."

"வேண்டாமெண்டு சொல்லுங்கோ. வடிவாச் சொல்லுங்கோ, மனிசி கோவிக்கப்போகுது," என்றாள் மனைவி.

நான் வடிவாகச் சொன்னேன். அயல்காரி கோபிக்கவில்லை. வாளியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், அதைப் படிக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

அப்படியே கொண்டுபோவதென்று முடிவாயிற்று. கொண்டுவந்திருந்த புது வேட்டியை விரித்தேன். கயிற்றின் முடிச்சு இரும்பு மாதிரி உறைந்திருந்தது, வெட்டத்தான் வேண்டும். ஒருவர் வெட்ட ஒருவர் தாங்கவேண்டும். அயல்காரி கையை நீட்டினாள். அதற்குள் மனைவி படியேறி வந்துவிட்டாள்.

"நான் பிடிக்கிறன். நீங்கள் வெட்டுங்கோ."

"பொம்பிளையள் தொடுறேல்லை…"

"கலியாணம் கட்டி நான் இஞ்சை வந்திறங்கேக்கை விமான நிலையத்துக்கு வந்து என்ர பெட்டியைத் தூக்கினது அத்தான். நீங்கள் வேலையிலை நிண்டனியள். வெட்டுங்கோ."

வெட்டினேன். பாரம் முழுக்க அவள் நெஞ்சில் இறங்கியது. வேட்டியால் சுற்றி, அதற்கு மேலே கம்பளியால் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு இறங்கினாள். முற்றத்தில் அந்தக் காலடிகளுக்குப் பக்கத்தால், அவற்றுக்கு எதிர்த்திசையில் நடந்தோம்.

காரின் சூடாக்கியைப் போடவில்லை. போடாமல் ஓட்டினால் எங்கள் மூச்சே கண்ணாடியில் உறைந்து வழியை மறைத்தது. பேருந்து அட்டையால் உள்ளே சுரண்டிச் சுரண்டி ஓட்டினேன். யன்னலைக் கொஞ்சம் இறக்கினோம். வெளிக்குளிர் கத்தி மாதிரி வந்தது. மனைவி பின்சீற்றில் அண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"கதையாதையும். கண்ணாடி மூடுது."

அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவ்வளவு தூரம் அவள் பேசாமல் வந்ததில்லை. மத்தியானம் திரும்பியதுமே வெளிச்சம் நீலமாகிவிட்டது. இரண்டு பக்கமும் காடு வெள்ளையாக நின்றது. வாயை மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, மூன்றுபேர் ஒரு காரில் போகிறோம் என்று எனக்கு நினைவு வந்தது. மூன்றுபேர் என்று நினைத்தபின் கண்ணாடியில் பின்சீற்றைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பாதிவழியில் அவள் என் தோளில் தட்டினாள். கம்பளியின் ஒரு மூலை நனைந்திருந்தது. அவளுடைய தொடைச் சூட்டில் உருகியிருக்கிறது. தன் விரலைக் காட்டினாள். விரல் நுனியில் சாம்பல். நான் காரை ஓரங்கட்டினேன். அவள் அந்த விரலைத் துடைக்கவில்லை. வேட்டியின் உட்புறத்திலேயே திரும்பத் தடவி விட்டாள், ஒரு துணிக்கையும் வெளியே போகாதபடி. பிறகு எழும்பி முன்சீற்றுக்கு வந்தாள். பின்சீற்று முழுவதையும் அண்ணாவுக்கு விட்டோம். யன்னலை இன்னும் இறக்கினேன்.

அம்மருட்டில் மின்தூக்கியில் ஏழாம் மாடி நோர்வேஜியர் ஒருவர் எங்களோடு ஏறினார். எங்கள் இமையெல்லாம் வெள்ளை. பொதியைப் பார்த்தார். "ஐஸில துளை போட்டோ பிடிச்சனீங்கள்? நல்ல பெரிய மீன் போல."

மனைவி அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள். அவர் இறங்கியபின், "அத்தானுக்கு மீன் எண்டாலே வயித்தைப் பிரட்டும்," என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

எங்கள் எண்ணம் பல்கனியில் வைப்பது. பல்கனி வீடு அல்ல, வெளிதான் என்று வழியெல்லாம் மனத்துக்குள் நியாயம் சொல்லிக்கொண்டு வந்தேன். கொண்டுபோய் வைத்தோம். கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். ஒஸ்லோவிலும் அன்றைக்குப் பூச்சியத்துக்குக் கீழே இருபது. மனைவி கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கம்பளிக்குள் அண்ணா, உள்ளே சூடாக்கிக்குப் பக்கத்தில் நாங்கள்.

"இது சரியில்லை," என்றாள்.

"வீட்டுக்குள்ள விளக்கு ஏத்துறது. ஐயரை ஒருக்கால் கேப்பமோ?" என்றேன்.

"கேட்டால் அவர் சொல்லவேண்டியதைத்தான் சொல்லுவார். கேக்காமல் விடுவம்."

சுவாமி அலுமாரியின் சீலையை இழுத்து மூடினாள். பொங்கலுக்கென்று வாங்கி, எங்களுக்குத் துக்க வருஷமானபடியால் பொங்காமல் வைத்திருந்த புதுப் பானையை எடுத்து வந்து, வீட்டின் உள் நடைபாதையில் புதுத் துணி விரித்து வைத்தாள். நான் பல்கனிக் கதவைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் குனிந்து, "உள்ளுக்கு வாங்கோ அத்தான்," என்று சொல்லித் தூக்கினாள். கம்பளியையும் வேட்டியையும் அவிழ்த்துப் பானையின் வாயில் அவரை இருத்தினோம். வேட்டியையும் கம்பளியின் நனைந்த மூலையையும் அந்தப் பானைக்குள்ளேயே அலசிப் பிழிந்து விட்டாள். அவர் அதில் ஒரு சின்ன ஆள் குந்தியிருப்பதுபோல இருந்தார்.

பாதை திறக்கப் பிறகும் கனகாலம் எடுத்தது. திறந்ததும் நான் அவரைக் கொண்டுபோய்க் கீரிமலையில் கரைத்தேன். வடித்து உலர்த்திக் கட்டியபோது ஒரு துணிக்கையும் குறைந்திருக்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். அதை எடைபோட்டவர் எவருமில்லை. அவள் சொன்னால் எனக்குப் போதும். அதுவரைக்கும் அண்ணா வீட்டுக்குள்தான் இருந்தார், விளக்கும் எரிந்தது. சுவாமி எங்களைக் கோபிக்கவில்லை என்றுதான் நம்புகிறேன்.

அவரை உள்ளே எடுத்த அன்று பின்னேரம் நான் நடைபாதையில் நிலத்தில் இருந்தேன். வீட்டுச் சூடு ஏற ஏற ஐஸ் சத்தம் போடத் தொடங்கியது. முதலில் நறுக்கென்று ஒன்று. பிறகு உள்ளே எங்கேயோ மெல்லிய விரிசல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்குவது மாதிரி. நின்ற குமிழிகள் அசைந்து மேலே வந்தன. முதல் துளி பானைக்குள் விழுந்தது.

குசினியில் மனைவி தேத்தண்ணீருக்குக் கேத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு சத்தம், கொஞ்சம் பலமாக.

"ஓம் அத்தான், வாறன்," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

சொன்னபிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோமென்று அவளுக்குத் தெரிந்தது. கேத்திலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு, வாறன் என்று சொல்லிவிட்டால் போகத்தானே வேண்டும் என்பதுபோல், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு மற்றப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தாள்.